கைக்குழந்தையோடு வீட்டில் உடற்பயிற்சி: 25,600 ரூபாய் போன பிறகு தெரிந்துகொண்டவை

பையனுக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒரு மதியம் தரையில் உட்கார்ந்து அவனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். காலிங் பெல் அடித்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்து, ஒரு முட்டியை ஊன்றி, இடுப்பில் கை வைத்து எழுந்து கதவைத் திறப்பதற்குள் கூரியர்காரர் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அப்போது எனக்கு வயது 32. கோபியிலிருந்து வந்திருந்த அம்மா, "ஏன் கண்ணு, நானே இப்படி எந்திரிக்கறதில்லையே" என்றார். கவலையோடுதான் கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முதுகுவலி ஒரு பக்கம். இருமினாலோ தும்மினாலோ இரண்டு சொட்டு சிறுநீர் வந்துவிடுகிறது என்பதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது இன்னொரு பக்கம். வீட்டுக்காரரிடம்கூட சொல்லவில்லை. பிரசவம் ஆன பெண்ணுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டிருந்தேன். அந்த முடிவு தப்பு. அது தப்பு என்று தெரிய எனக்கு ஒன்றே கால் வருஷம் ஆனது.

நாங்கள் இருப்பது திருப்பூரில், முதல் மாடி வாடகை வீடு. அவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆகும், ஷிப்மெண்ட் நேரமென்றால் பதினொன்று. நான் வீட்டிலிருந்தே இரண்டு ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. ஃபைல் செய்கிறேன். மாமனார், மாமியார் தாராபுரம் பக்கம் மாடு கன்றோடு இருக்கிறார்கள், அவற்றை விட்டுவிட்டு வந்து தங்க முடியாது. அதனால் பகல் முழுக்க நானும் இரண்டு பிள்ளைகளும்தான். மூத்தவள் பாப்பாவுக்கு அப்போது மூன்றரை வயது. விளையாட்டுக்கும் எனக்கும் எந்தக் காலத்திலும் சம்பந்தம் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின ஆள் நான். இதைச் சொல்லக் காரணம், சின்ன வயதில் ஓடி ஆடிய பழக்கம் இல்லாதவர்களுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. தெரியாதபோது முதலில் கையில் இருக்கும் காசைத்தான் எடுத்து வைப்போம்.

நானும் அதைத்தான் செய்தேன். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு ஜிம். மாதக் கட்டணம் 2,000 ரூபாய், வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 13,500 என்றார்கள். கணக்கு எழுதுகிறவள் என்பதால் மிச்சம் எவ்வளவு என்று மனசு உடனே போட்டுப் பார்த்துவிட்டது. கட்டிவிட்டேன். அங்கே என் எடையைக் கேட்டார்கள், உயரத்தைக் கேட்டார்கள். பிரசவம் எப்போது ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெண்களுக்கான நேரம் காலை ஆறு முதல் எட்டு, சாயங்காலம் நான்கு முதல் ஆறு. காலை ஐந்தரைக்குப் பையன் பாலுக்கு எழுந்துவிடுவான். சாயங்காலம் மூன்றரைக்குப் பாப்பா ஸ்கூல் வேனில் வந்து இறங்குவாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஓடுவேன், அங்கே போனால் மனசு இங்கேயே இருக்கும். மொத்தம் பதினொரு நாள் போனேன். அப்புறம் பையனுக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்கு, அப்புறம் ஜி.எஸ்.டி. ஃபைலிங். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எந்த இடத்திலும் வருஷக் கட்டணம் கட்டாதீர்கள். ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள், அதிகம் போனாலும் பரவாயில்லை. அந்த ஒரு மாதத்தில் எத்தனை நாள் உண்மையில் போக முடிந்தது என்று எண்ணிப் பார்த்த பிறகு மற்றதை யோசியுங்கள். இன்னொன்று, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: பிரசவம் ஆகி இத்தனை மாதம், சிசேரியனா சுகப்பிரசவமா, முதுகுவலி உண்டா, தும்மினால் சிறுநீர் வருகிறதா. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை பெரிது.

வெளியே போக முடியாவிட்டால் என்ன, வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம் என்று அடுத்து ஒரு பழைய டிரெட்மில் வாங்கினேன். 18,000 ரூபாய். ஹாலில் பாதி இடத்தை அது எடுத்துக்கொண்டது. மூன்றாவது வாரம் நான் நடந்துகொண்டிருக்கும்போது பையன் பின்பக்கமாகத் தவழ்ந்து வந்து, ஓடுகிற பெல்ட்டின் ஓரத்தில் கையை நீட்டிவிட்டான். பாப்பா "தம்பி!" என்று கத்தினாள். கயிற்றோடு இருக்கும் சிவப்புச் சாவியைப் பிடுங்கி நிறுத்தினேன். ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. பெல்ட்டில் உராய்ந்தால் குழந்தையின் விரல் தோல் தீப்பட்டதுபோல் உரிந்துவிடும், இடுக்கில் சிக்கினால் அதைவிட மோசம். அன்றே பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு மாதம் கழித்து 7,500 ரூபாய்க்குத்தான் போனது. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் அதை ஓட்டாதீர்கள். அந்தச் சாவியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள், பிளக்கையும் பிடுங்கியே வையுங்கள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் உடம்புக்கே கெடுதலாக முடிந்தது. தொப்பை குறைய முப்பது நாள் என்று ஒரு வீடியோ பார்த்து, பிள்ளைகள் தூங்கின பிறகு இரவு பத்து மணிக்கு மல்லாந்து படுத்து எழுந்து எழுந்து படுக்கும் பயிற்சியைச் செய்தேன். கூடவே 1,600 ரூபாய்க்கு ஒரு வயிற்று பெல்ட். எழும்போது என் வயிற்றின் நடுவில், தொப்புளுக்கு மேலே, கூரை முகடு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். கொழுப்பு கட்டியாகத் திரண்டு கரையப்போகிறது என்று நினைத்து இன்னும் அதிகமாகச் செய்தேன். இருபது நாளில் முதுகுவலி இரண்டு மடங்கானது. ஒரு நாள் குளிக்க வைத்த பையனைத் தூக்கி நிமிர முடியாமல், பாத்ரூம் வாசலிலேயே ஈரத்தோடு அவனை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கடைசியில் எலும்பு டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்து ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். என்னைவிடச் சின்னப் பெண். என்னைப் படுக்க வைத்து, முட்டிகளை மடக்கச் சொல்லி, தொப்புளுக்குச் சற்று மேலே நடுக்கோட்டில் விரல்களைக் குறுக்காக வைத்து, "ஏனுங்க அக்கா, தலையை மட்டும் லேசாத் தூக்குங்க" என்றார். நாலு விரல் உள்ளே இறங்கியது. வயிற்றில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள் இருக்கின்றன, நடுவில் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் திசு கர்ப்பத்தில் விரிகிறது, பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு அது தானாகவே சுருங்கிவிடும், சிலருக்கு விரிந்தபடியே நின்றுவிடும் என்று விளக்கினார். அப்படி இருக்கும்போது படுத்து எழும் பயிற்சி செய்தால் உள்ளிருக்கும் அழுத்தம் அந்த மெலிந்த இடத்தில்தான் போய் மோதும். நான் பார்த்த முகடு அதுதான். தும்மினால் சிறுநீர் வருவது, சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்பு அடித்தளத் தசைகள் தளர்ந்ததால், அதற்கும் பயிற்சி இருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். அந்த ஒரு வாக்கியத்தை யாராவது முதல் மாதமே சொல்லியிருக்கக்கூடாதா என்று இருந்தது.

இந்த விரல் சோதனையை வீட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால், அல்லது படுத்து எழும்போது நடுவயிறு முகடு மாதிரி புடைத்தால், எந்த வீடியோவையும் பார்த்துத் தொடங்காமல் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். எனக்கு ஐந்து முறை போனதற்கு மொத்தம் 2,000 ரூபாய்தான் ஆனது. அதற்கு முன்னால் ஜிம்முக்கு 13,500, டிரெட்மில்லில் நஷ்டம் 10,500, பெல்ட் 1,600. கூட்டினால் 25,600. சிசேரியன் ஆனவர்கள் எந்தப் பயிற்சிக்கும் முன்னால் உங்கள் டாக்டரின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த முதல் நாள் பையனை விட்டுவர ஆளில்லாமல் கூடவே கூட்டிப் போயிருந்தேன். படுக்கையில் என் மேல் ஏறிக்கொண்டே இருந்தான். நான் இறக்கி இறக்கி விட்டேன். அந்தப் பெண் சொன்னார்: "அவனை எறக்கி விடாதீங்க அக்கா. நீங்க நேரம் ஒதுக்கிச் செய்யறது இப்போதைக்கு நடக்காது. அவனையும் சேர்த்துத்தான் செய்யணும்." நான் அதுவரை செய்த எல்லாமே பிள்ளைகள் இல்லாத ஒரு மணி நேரத்தைத் தேடிய முயற்சிதான். அப்படி ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் இல்லை. இல்லாததைத் தேடித் தேடித்தான் காசு போயிருக்கிறது.

அரை மணியாவது ஒரே மூச்சில் செய்யாவிட்டால் பலன் இல்லை என்றும் நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு கொடுக்கும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முன்பு ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று இருந்ததாம். 2020-இல் வந்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம், நாலு நிமிடம் என்று துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்கில் சேரும். நாளொன்றுக்குப் பார்த்தால் இருபத்தொன்று, இருபத்திரண்டு நிமிடம்தான். மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கோ ஒரு நாளைக்கு 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது ஓட்டமும் குதியலுமாக இருக்க வேண்டும் என்று அதே நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் என்னைவிடப் பாப்பாவுக்குத்தான் இது அதிகம் தேவை. அவளுக்குக் கார்ட்டூன் போட்டுக் கொடுத்துவிட்டு நான் தனியாக உடற்பயிற்சி செய்ய முயன்றதை நினைத்து இப்போதும் வருத்தப்படுகிறேன்.

முதல் ஒன்றரை மாதம் வெறும் மூச்சுப் பயிற்சிதான். மூச்சை விடும்போது தொப்புளை மெதுவாக முதுகுப் பக்கம் இழுத்து, சிறுநீரை அடக்குவதுபோல் கீழ்த்தசைகளையும் மேலே இழுத்து, ஐந்து எண்ணி, பிறகு முழுசாகத் தளர விட வேண்டும். தளர விடுவதும் இழுப்பதைப்போலவே முக்கியம். பையன் பால் குடிக்கும்போது பத்து முறை செய்வேன், வேனுக்குக் காத்திருக்கும்போது பத்து முறை. நிஜமாகவே சிறுநீர் கழிக்கும்போது அடக்கி அடக்கிப் பழகக்கூடாது, அது வேறு தொந்தரவுகளைக் கொண்டுவரும். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழவேண்டும். பிள்ளையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கிக் கீழே இறங்கி, அவனை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே எழவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிள்ளையைத் தூக்குகிறோம்! இந்த ஒன்றைச் சரிசெய்ததிலேயே முதல் மாதத்தில் பாதி வலி போனது.

அப்புறம் குக்கர். அரிசி பருப்பு சாதத்துக்கு எங்கள் வீட்டில் மூன்று விசில். அடுப்பில் வைத்ததிலிருந்து மூன்றாவது விசில் வரும்வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். முன்பு அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது சமையலறை வாசலில் ஒரு நாற்காலி. முதல் விசில் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கையை ஊன்றாமல். முதலில் ஆறு தடவைதான் முடிந்தது. இரண்டாவது விசில் வரும்வரை சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. பாப்பா சுவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொள்வாள். நான் சுவர்ப் பக்கம் சாயும்போதெல்லாம் அவள் நெற்றியில் ஒரு முத்தம். எண்ணுவது அவள் வேலை. பதினொன்றுக்கு அப்புறம் நேராகப் பதிமூன்றுக்குப் போய்விடுவாள், நான் திருத்துவதில்லை. மூன்றாவது விசில் வருவதற்குள் தரையில் கிடக்கும் சொப்புச் சாமான்களையும் கட்டைகளையும் ஒவ்வொன்றாக, முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்து கூடையில் போடுவது. பையனும் ஒன்றை எடுத்து நீட்டுவான், கூடையிலிருந்து இரண்டை வெளியே போடுவான். வேலை இரட்டிப்பாகும், பயிற்சியும் இரட்டிப்பாகும். அடுப்பு எரியும்போது பிள்ளைகளைச் சமையலறைக்கு வெளியே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு என்று உடற்பயிற்சியை வைத்தால் அது எனக்கு நிற்கவில்லை. ஆறு மணிக்கு என்று வைத்தால் ஆறு மணிக்குத்தான் பையன் அழுவான். தினமும் எப்படியும் நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டபோது நின்றது. சோறு ஆக்காத நாள் இல்லை, வேன் வராத பள்ளிநாள் இல்லை.

மூன்றாவது மாதம் விரல் இடைவெளி இரண்டரையாகக் குறைந்தது. அதற்குப் பிறகுதான் பையனை எடையாக வைக்கச் சொன்னார் அந்தப் பெண். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்குவது. அவன் என் அடிவயிற்றில் உட்கார்ந்து என் தொடையில் சாய்ந்துகொள்வான். பதினொரு கிலோ. தரையில் பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வேன், டைல்ஸில் வழுக்காமல் இருக்க ஒரு ஓரத்தைக் கட்டில் காலுக்கு அடியில் கொடுத்துவிடுவேன். பாப்பாவுக்கு உப்பு மூட்டைதான் பிடிக்கும். அவளை முதுகில் சுமந்து ஹாலுக்கும் படுக்கையறைக்கும் எட்டு நடை. மொட்டை மாடியில் சாக்பீஸில் பாண்டிக் கட்டம் போட்டு அவள் ஆடுவாள், நான் குதிக்காமல் கட்டம் கட்டமாக நடப்பேன். இடுப்புத்தசை தேறும்வரை எனக்குக் குதியல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் மாடிக்கு, சித்திரை வைகாசியில் அதற்கு முன் தரையில் கால் வைக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு தப்பையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது எந்த வீட்டிலும் நடக்கலாம். தெம்பு வந்த சந்தோஷத்தில் ஒரு நாள் பாப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்து ராட்டினம் சுற்றினேன். இறக்கிவிட்டதும் அழுதாள், இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசைக்கவே மறுத்துவிட்டாள். வீக்கம் இல்லை, தொட்டால் மட்டும் அலறல். ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டர் முழங்கையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார், அவ்வளவுதான், கால் மணி நேரத்தில் அந்தக் கையால் பிஸ்கட் வாங்கிக்கொண்டாள். ஐந்து வயதுக்குள் முழங்கை எலும்பைச் சுற்றியுள்ள தசைநார் தளர்வாக இருக்கும், கையைப் பிடித்து இழுத்தாலே எலும்பு அதிலிருந்து நழுவிவிடும் என்றார். எனக்குக் குற்ற உணர்ச்சி பல நாள் போகவில்லை. கையைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள், சுற்றாதீர்கள். அக்குளுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்குங்கள். அப்படி நழுவினால் வீட்டில் யாரும் நீவிவிட வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

எங்களுக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது கும்மிதான். மே மாதம் அம்மா வீட்டுக்குப் போனபோது ஊர்ப் பொட்டலில் சாயங்காலமானால் வள்ளிக் கும்மிப் பயிற்சி நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து பேரன் பேத்தி எடுத்தவர்கள்வரை வட்டமாக நின்று ஆடினார்கள். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் ஐயா நம் மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர், அப்போது அவருக்கு வயது 87. அந்த வயதுவரை கூடவே வரும் ஓர் ஆட்டம் கையருகே இருக்க, நான் டிரெட்மில்லைத் தேடிப் போயிருக்கிறேன். பாப்பா இரண்டே நாளில் அடவைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, காலை மாற்றி ஒரு சுற்று. ஊருக்குத் திரும்பின பிறகு தினமும் சாயங்காலம் மாடியில் அவள்தான் எனக்கு வாத்தியார். அம்முச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, போனில் ஆடிக் காட்டவேண்டும் என்று அவளே இழுத்துக்கொண்டு போவாள். பையன் நடுவில் நின்று கை தட்டுவான். எவ்வளவு வேகம் போதும் என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டிருந்தேன். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் மிதமான உழைப்பு என்றார். கும்மியில் இது தானாகவே தெரியும். முதல் சுற்றில் பாப்பாவோடு சேர்ந்து பாடுவேன், மூன்றாவது சுற்றில் பாட்டு அவளுடையது மட்டும்தான்.

செய்த நாட்களில் தினசரி காலண்டர் தாளில் பாப்பா கிரேயானால் ஒரு பூ போடுவாள். மாதத்துக்கு இருபது பூ வந்தால் எனக்குத் திருப்தி. இரண்டு பிள்ளைகளுக்கும் மாறி மாறிச் சளி பிடித்து பன்னிரண்டு நாள் ஒரு பூகூட இல்லாமல் போனது உண்டு. அப்படி விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்கக்கூடாது. பத்துத் தடவை செய்துகொண்டிருந்தால் ஐந்திலிருந்து தொடங்கி ஒரு வாரத்தில் மேலே வரவேண்டும். நான் ஒருமுறை நேராகப் பத்துக்குப் போய் நாலு நாள் தொடைவலியோடு படியிறங்கினேன். வீட்டுக்காரரிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது அவர் பொறுப்பு, அந்த அரை மணி நேரம் நான் தெருவைச் சுற்றி நடந்துவிட்டு வருவேன். சிறுநீர் விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். "முதல்லயே சொல்லியிருந்தா அந்த மெஷினை வாங்க விட்டிருக்க மாட்டேனே" என்றார்.

எடை பத்து மாதத்தில் மூன்று கிலோதான் குறைந்தது. எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எப்போதோ விட்டிருப்பேன். தும்மினால் பயம் இல்லை. தரையிலிருந்து கையை ஊன்றாமல் எழுகிறேன். போன மாதம் ஒரு வார நாளில் சென்னிமலைக்குப் போனோம். பையன் வயிற்றில் இருந்தபோது வேண்டிக்கொண்டது, பாக்கி இருந்தது. 1,320 படி. வெயில் ஏறுவதற்கு முன்னால், காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கினோம். மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்தோம். பையனை அவரும் நானுமாக மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டோம், பாப்பா பாதிவரை தானே ஏறினாள், மீதிக்கு உப்பு மூட்டை. மறுநாள் கெண்டைக்கால் வலித்தது, முதுகு வலிக்கவில்லை. இறங்கும்போது பிள்ளையோடு படியில் இறங்கவேண்டாம், ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டிக்குப் பாரம் அதிகம். மலைப்பாதையில் கோயில் பஸ் இருக்கிறது, நாங்கள் அதில்தான் இறங்கினோம்.